வன்னியில் காற்றையும் மாரிகாலப் புயலையும் கவனிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் வளவில் மரங்களின் மறைப்பு இல்லாத இடம் பார்த்து ஒரு கமுகந்தடி நட்டு வைத்திருக்கிறேன். உச்சியில் பழைய சேலையில் கிழித்த சிவப்புத் துண்டு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி பின்னேரம் அந்தத் துண்டு தெற்கே நீட்டி நின்றது, அதாவது காற்று வடக்கிலிருந்து வந்தது. புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையேறப் போகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. இரவு பத்து மணிபோல ரோச் அடித்துப் பார்த்தேன். துண்டு தென்மேற்கே திரும்பியிருந்தது. நள்ளிரவு தாண்டியதும் நேர் மேற்கே. மையம் எங்களுக்குத் தெற்கால் போகிறது என்று அப்போதுதான் வீட்டில் உறுதியாகச் சொன்னேன். விடிந்தபோது அது மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

எச்சரிக்கை விடுப்பது வளிமண்டலவியல் திணைக்களத்தின் வேலை. அதை நாம் முந்த வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் மாகாணத்துக்கும் மாவட்டத்துக்கும் சொல்வதை, நம் வளவுக்கும் வயலுக்கும் மாட்டுப் பட்டிக்கும் ஏற்றபடி புரிந்துகொள்ள நமக்குத் தெரிய வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே இருந்தாலும் அதற்குச் சிறந்த வழி காற்றின் திசையைப் பின்தொடர்வதுதான். பல வருடங்களாகக் கொப்பியில் எழுதி எழுதி நான் கண்டது இது.

முதலாவது: காற்றுகளின் பெயரும் காலமும்

நம் ஆட்கள் காற்றுக்குத் திசையை வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். வடக்கு, வடகிழக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். ஊருக்கு ஊர் இதில் சிறு வேறுபாடு இருக்கும். உங்கள் ஊர்க் கடற்றொழிலாளர் ஒருவரிடம் கேட்டு அவர் சொல்லும் பெயரையே கொப்பியில் எழுதுங்கள்.

சோளகம் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை வீசும். மழையைத் தென்மேற்கு மலைச்சரிவுகளில் கொட்டிவிட்டு, வன்னிக்கு வரும்போது காய்ந்து சூடாகி, புழுதியோடுதான் வரும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய கடல்வழி அதை இன்னும் வேகப்படுத்துகிறது. மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பூங்காவின் 30 காற்றாடிகளும் பெரிதும் இந்தக் காற்றை நம்பியே நிற்கின்றன. சோளகத்தில் தகரம் ஆடும், வாழை சரியும், கண்ணில் மண் விழும். ஆனால் அது நாளுக்கு நாள் ஒரே திசையில் அடிக்கும், ஏமாற்றாத காற்று.

நாம் படிக்க வேண்டியது ஐப்பசியிலிருந்து தை வரையான காலத்தை. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம், அதாவது இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. காலபோக (மாரிப் பருவ) நெல் வயலில் நிற்பதும், குளங்கள் நிரம்புவதும், வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாவதும் ஒரே காலத்தில்தான்.

இரண்டாவது: மூன்று கருவிகள்

முதலாவது கமுகந்தடிக் கொடி, அதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கூரை உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும், பாரமில்லாத துணியாக இருக்க வேண்டும், நான்கு திசையையும் தடியின் அடியில் கல் வைத்து அடையாளப்படுத்த வேண்டும். இரவில் இருட்டுக்குள் திசை தடுமாறும், அப்போது அந்தக் கற்கள்தான் கைகொடுக்கும்.

மழைமானிக்கு ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் போதும், பக்கங்கள் நேராக இருப்பதாகப் பாருங்கள். வளைவு தொடங்கும் இடத்தில் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும். அடி மேடுபள்ளமாக இருப்பதால் சின்னக் கற்களைப் போட்டு, பக்கம் நேராகும் இடம்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று கோடு கீறுங்கள். அதற்கு மேலே அடிமட்டத்தை வைத்து மில்லிமீற்றர் கோடுகள். மரத்திலிருந்தும் கூரையிலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரம் தள்ளி, மண் தெறிக்காத உயரத்தில் கட்டுங்கள். தினமும் காலை 8.30க்கு அளவெடுங்கள், திணைக்களமும் அந்த நேரத்தைத்தான் பின்பற்றுகிறது, ஒப்பிட வசதியாக இருக்கும். அடைமழை நாளில் போத்தல் நிரம்பி வழிய முன்பே இடையில் ஒருமுறை அளந்து, ஊற்றிவிட்டு, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். இந்தக் கணக்கில் 100 மில்லிமீற்றர் மழை ஒரு ஏக்கர் வயலில் நான்கு இலட்சம் லீற்றரைக் கொட்டுகிறது. அடுத்த தடவை செய்தியில் 100 மில்லிமீற்றர் என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அமுக்கமானி. சில கைத்தொலைபேசிகளுக்குள் அமுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது, இல்லாவிட்டால் சுவரில் மாட்டும் ஒன்றை வாங்கலாம். இதில் புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நம் பகுதியில் அமுக்கம் நல்ல நாளிலேயே ஒரு நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும்: காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் அண்மையில் கூட, பிற்பகல் நான்குக்கும் அதிகாலை நான்குக்கும் அண்மையில் குறைவு. இந்த ஏற்ற இறக்கமே மூன்று நான்கு மில்லிபார் (அமுக்கத்தின் அலகு, சில கருவிகளில் hPa என்று இருக்கும்) வரும். காலை பத்துக்குப் பார்த்துவிட்டுப் பின்னேரம் நான்குக்குப் பார்த்தால் விழுகிறது என்று பயந்துவிடுவீர்கள். அதனால் இன்று காலை பத்தை நேற்றுக் காலை பத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். அந்தப் பருவத்துக்கு வழமையான அளவைவிட அதே மணிக்கு 3 மில்லிபார் குறைந்திருந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 5 குறைந்திருந்தால் சூறாவளி ஒன்று அண்மையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கடலோடிகள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு இது. வவுனியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே அமுக்கமானி முல்லைத்தீவைவிட 11, 12 மில்லிபார் குறைவாகவே காட்டும். அது புயல் அல்ல, உயரம்.

மூன்றாவது: காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பூமி சுழல்வதால் நம் வட அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகவே வீசும். ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் உங்கள் இடக்கைப் பக்கம், சற்று முன்னே தள்ளி இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பைஸ் பாலட் என்ற ஒல்லாந்து அறிஞர் வகுத்த விதி. செலவில்லை, மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம்.

கார்த்திகை மாதத்தில் வாடை வழமையாகவே வடகிழக்கிலிருந்து வீசும். ஆகவே வெறும் வடகிழக்குக் காற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது வடக்கிலிருந்து வீசத் திரும்பி, அதே நேரம் வலுத்து, அமுக்கமும் இறங்கினால் கிழக்கே, தென்கிழக்கே ஏதோ வருகிறது. முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னுமோர் அடையாளம் உண்டு. அலைகளின் இடைவெளியை எண்ணுங்கள். பக்கத்துக் காற்று எழுப்பும் அலை ஐந்து, ஆறு செக்கனுக்கு ஒன்றாக வரும். காற்று அவ்வளவு இல்லாமலே பத்து, பன்னிரண்டு செக்கனுக்கு ஒருமுறை நீண்டு கனத்த அலை வந்து அடித்தால், அது தூரக் கடலில் இருக்கும் புயல் அனுப்பியது.

பிறகு கொடி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று மணிக்கொருதரம் பாருங்கள். காற்று வடக்கிலிருந்து வடகிழக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று மாறினால் மையம் உங்களுக்குத் தெற்கால் கடக்கிறது. புரேவியின் மையம் கிளிநொச்சிக்குத் தெற்கால் அப்படித்தான் போனது. வடக்கிலிருந்து வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு என்று மாறினால் மையம் வடக்கால் கடக்கிறது. திசை மாறாமல் காற்று மட்டும் ஏறிக்கொண்டே போனால் மையம் உங்களை நோக்கியே வருகிறது. அப்போது கொடி பார்க்கும் வேலையை விட்டு உறுதியான கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மையம் நேரே மேலால் போகும்போது காற்று சட்டென்று அடங்கும், சில வேளை வானம்கூடத் தெரியும். அந்த அமைதியை நம்பி வெளியே இறங்கியவர்களைத்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இரண்டாவது காற்று பிடித்துக்கொள்ளும்.

இந்த வேறுபாடு கரையோரத்துக்கு மிக முக்கியம். மேற்கு நோக்கிப் போகும் சூறாவளிக்கு வடபக்கத்தில்தான் காற்று வேகம் கூட, ஏனெனில் சுழற்சியின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்ளும். மையம் தெற்கால் போனால் முல்லைத்தீவு, கொக்கிளாய், நாயாறுக் கரைகளில் கிழக்குக் காற்று கடலை நிலத்துக்குள் தள்ளும். மையம் வடக்கால் போனால் கிழக்குக் கரையில் காற்று கடலை நோக்கி அடிக்கும், ஆனால் மன்னார்ப் பக்கம் மேற்குக் காற்று கடலை ஏற்றும். 1964 டிசம்பர் 22இல் வவுனியாவுக்கு அண்மையாகக் கடந்துபோய், அன்று நள்ளிரவு தனுஷ்கோடியை அழித்த சூறாவளியைப் பற்றி உங்கள் ஊர் மூத்தவர்களிடம் கேளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று குறிப்பாகக் கேளுங்கள். மரங்கள் எந்தப் பக்கம் விழுந்து கிடந்தன என்பது பலருக்கு இன்னும் நினைவிருக்கும்.

வேகத்தை அளக்கக் கருவி இல்லையென்றாலும் மரம் சொல்லும். முழு மரமும் ஆடி, எதிர்க்காற்றில் நடக்கச் சிரமமாக இருந்தால் மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர். சிறு கொப்புகள் முறிந்து விழுந்தால் 62 முதல் 74. ஓடு கழன்று, தகரம் கிளம்பினால் 75க்கு மேல். நாட்கணக்கில் ஊறிய மண்ணில் வேர் பிடிப்பு இழந்துவிடும். அப்போது இதைவிடக் குறைந்த காற்றுக்கே பெரிய மரம் சரியும்.

நான்காவது: அறிவித்தலை வாசித்தல்

வட இந்து சமுத்திரத்தில் புயல்களின் தரத்தை நீடித்த காற்று வேகத்தை வைத்தே பிரிக்கிறார்கள். மணிக்கு 31 முதல் 50 கிலோமீற்றர் வரை தாழமுக்கம், 51 முதல் 62 வரை ஆழ்ந்த தாழமுக்கம், 63ஐத் தொட்டால் சூறாவளி. அந்த நேரத்தில்தான் பெயர் வைப்பார்கள். 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து பெயர் வரும். புரேவி மாலைதீவு கொடுத்தது, 2022இல் வந்த மண்டூஸ் ஐக்கிய அரபு இராச்சியம் கொடுத்தது.

பெயர் வந்தால்தான் ஆபத்து என்று நினைப்பது பெரிய தவறு. 2024 நவம்பர் கடைசியில் வடக்கும் கிழக்கும் வெள்ளத்தில் மூழ்கியபோது கிழக்குக் கடலோரம் போய்க்கொண்டிருந்தது வெறும் ஆழ்ந்த தாழமுக்கம். ஃபெஞ்சல் என்று அதற்குப் பெயர் வந்தது 29ஆம் திகதி, அது நம்மைக் கடந்து போன பிறகு. இந்தப் பெயர்களும் தரங்களும் காற்றை மட்டுமே அளக்கின்றன. எவ்வளவு மழை என்று அவை சொல்வதில்லை.

கையில் இணையம் இருந்தால் செய்மதிப் படத்தோடு காரைக்கால் ராடர் படத்தையும் பாருங்கள். கிளிநொச்சி காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீற்றர், ராடரின் எல்லைக்குள் வருகிறது. வவுனியா எல்லையின் ஓரத்தில். பூமி வளைந்திருப்பதால் அந்தத் தூரத்தில் ராடர் கதிர் நம் தலைக்கு மேல் சில கிலோமீற்றர் உயரத்தில்தான் போகும். தாழ்ந்த முகிலிலிருந்து கொட்டும் மழை அதில் மெல்லியதாகத் தெரியும், தெரியாமலும் போகும். படத்தில் ஒன்றுமில்லை, முற்றத்தில் மழை என்றால் முற்றத்தை நம்புங்கள்.

அகல் வட்டம் பகல் மழை என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நிலவைச் சுற்றிய அந்த வட்டத்தை உண்டாக்குவது மிக உயரத்தில் பரவும் பனிப்பளிங்கு முகில். புயலின் மேற்தளத்திலிருந்து வெளியே பரவும் முகிலும் இதே வகைதான். ஆகவே அந்தப் பழமொழிக்கு அடிப்படை உண்டு. ஆனால் புயல் இல்லாத நாளிலும் வட்டம் வரும், அமுக்கமானியோடு சேர்த்தே பாருங்கள்.

ஐந்தாவது: இடைப்பருவத்துச் சுழிகாற்று

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் திடீரென்று பத்து நிமிடம் அடித்து, நாலைந்து வீட்டுக் கூரையை மட்டும் தூக்கிப் போகும் காற்றைச் செய்திகளில் மினி சூறாவளி என்பார்கள். அது சூறாவளி வகையே அல்ல. கிழக்குக் கடற்காற்றும் மேற்குக் கடற்காற்றும் உள்நாட்டில் சந்திக்கும்போது எழும் இடிமுகிலிலிருந்து குளிர்ந்த காற்று நிலத்தில் வந்து விழுந்து பரவுவதுதான் பெரும்பாலும். முகிலின் அடி கறுத்துத் தட்டையாகி, புழுக்கம் நின்று திடீரென்று குளிர்ந்தால் உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. மின்னலுக்கும் இடிக்கும் இடையே செக்கன்களை எண்ணி மூன்றால் பிரித்தால் கிலோமீற்றர். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் வயலில் நிற்கக் கூடாது, தனிமரத்தின் கீழும் நிற்கக் கூடாது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடவுங்கள்.

ஆறாவது: குளிர்

வன்னியில் பனிப்புயல் இல்லை. ஆனால் 2022 டிசம்பர் 8, 9இல் வந்ததை மாரிப்புயல் என்று சொல்வதற்கு நான் தயங்க மாட்டேன். மண்டூஸ் நமக்கு வடகிழக்கே கடலில் போய், 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அண்மையில் கரையேறியது. நாம் அதன் இடப்பக்கத்தில் இருந்தோம். இந்தியத் தரைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று விடாமல் இழுபட்டு வந்தது, கூடவே புகைமூட்டமும் வந்தது. காற்றின் தரம் கெட்டு 9ஆம் திகதி நாட்டின் அரச பாடசாலைகளை மூடினார்கள். அந்த இரண்டு நாளில் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரில் செத்தன.

மூன்றாம் நாள் காலை பக்கத்து ஊர்ப் பட்டி ஒன்றுக்குப் போனேன். மாடுகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தபடி கிடந்தன, எல்லாவற்றின் தலையும் தெற்கே பார்த்து. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே விழுந்திருக்கின்றன. கன்றுகள் நடுவில். பட்டிக்காரர் ஐயா ஒரு தாய்ப் பசுவின் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, “தம்பி, மழைக்கு நனையாத மாடா? எத்தனை மாரி கண்டது. இந்தக் காற்றைத்தான் தாங்கேல்லை” என்றார். அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. நனைந்த தோலில் காற்றுப் பட்டால் ஈரம் ஆவியாகி உடல் சூட்டை எடுத்துக்கொண்டே போகும். காலபோகத்தில் வயலெல்லாம் விதைத்திருப்பதால் மாடுகளைக் காட்டோரம் ஒதுக்கி விடுவோம், மேய்ச்சல் குறைவு, வயிறு காலி. சேற்றில் படுக்கவும் முடியாது. வெப்பமானி காட்டும் அளவு அவ்வளவு இறங்காமலே மாடு விறைத்துவிடும்.

ஆகவே கார்த்திகை பிறக்க முன்பே பட்டியின் வடக்கு, வடமேற்குப் பக்கங்களில் ஆளுயரத்துக்குக் கிடுகோ பனையோலையோ வைத்துக் காற்று மறைப்புக் கட்டுங்கள். கூரை போட வசதியில்லை என்றால்கூட மறைப்பைக் கைவிடாதீர்கள்; இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மறைப்பே முதலில். பட்டி மேட்டில் இருக்கட்டும். வைக்கோலைத் தறப்பாளால் மூடி, தின்னவும் படுக்கப் போடவும் ஒதுக்கி வையுங்கள். வடக்குக் காற்றும் தொடர்மழையும் ஒன்றாக வரும் என்று அறிந்ததும் கன்றுகளையும் மெலிந்த மாடுகளையும் சாக்குப் போர்த்தி மறைவான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆடுகளுக்கும் அப்படியே. கட்டையில் கட்டி வைக்காதீர்கள், நடமாடினால்தான் உடம்பு சூடு பிடிக்கும்.

ஏழாவது: காற்று போன பிறகு வரும் தண்ணீர்

வன்னியில் கூடுதலான சேதம் காற்று அடங்கிய பிறகுதான் நடக்கிறது. புரேவியின் மையம் மன்னார் வளைகுடாவில் நகராமல் கிடந்த நாட்களிலும் வடக்கில் மழை ஓயவில்லை. அதோடு உங்கள் ஊருக்கு வரும் வெள்ளம் உங்கள் ஊர் மழையால் மட்டும் வருவதில்லை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்துத் தண்ணீரை இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுவருகிறது. அங்கே வான்கதவு திறந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை தாண்டி சுண்டிக்குளத்துக்குப் போகும். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழை அந்த வழியில்தான் மக்களை நடு இரவில் எழுப்பியது. மன்னாரில் அருவியாறு என்று நாம் சொல்வதுதான் அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா. அங்கே கொட்டிய மழை, மன்னாரில் வெயில் எறிக்கும்போது வந்து சேரலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது இதை மறுபடியும் கண்டோம்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. உங்கள் ஆற்றின் அல்லது குளத்தின் மேல்பக்கத்து ஊரில் மழைமானி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், இல்லையென்றால் ஒருவருக்குப் போத்தல் வெட்டிக் கொடுங்கள். தினமும் 8.30க்கு ஒரு குறுஞ்செய்தி: திகதி, மில்லிமீற்றர், காற்றுத் திசை. கனகராயன்குளத்திலிருந்து எனக்கு அப்படி ஒன்று வருகிறது. வான் பாயும் மதகுக்கு மேலால் மோட்டார் சைக்கிளிலோ உழவு இயந்திரத்திலோ போகாதீர்கள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே என்று தெரிந்தாலும் அடியில் தெரு இருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் 1990, உங்கள் கிராம அலுவலரின் இலக்கம் மூன்றையும் சுவரில் எழுதுங்கள். தொலைபேசி சார்ஜ் இறங்கிய பின் சுவரைத்தான் பார்க்கலாம்.

காற்று முற்றாக அடங்கிய காலை கொப்பியை எடுத்து உட்காருங்கள். அமுக்கம் எத்தனை மணிக்கு மிகக் குறைந்தது, கொடி எந்தப் பக்கமாகச் சுற்றியது, மொத்தம் எத்தனை மில்லிமீற்றர், விழுந்த மரங்கள் எந்தத் திசை பார்த்துக் கிடக்கின்றன, மேல் ஊரில் மழை பெய்து எத்தனை மணித்தியாலத்தில் உங்கள் வாய்க்கால் நிரம்பியது. கடைசி எண்ணை மட்டும் தடித்த எழுத்தில் எழுதுங்கள். என் கொப்பியில் அதற்கென்றே பின்பக்கத்தில் தனித் தாள் இருக்கிறது. அடுத்த தடவை வடக்குக் காற்று வலுக்கும்போது முதலில் திறப்பது அந்தத் தாளைத்தான்.